கோலும் தடியும்: ஊன்றுகோலின் சொல்வரலாறும் பொருள்வரலாறும்

2023-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள் புது தில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பெற்றபோது அதனுள் செங்கோல் ஒன்று நிறுவப்பெற்றது. உச்சியில் நந்தி அமைந்த அக்கோல் 1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள் திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் சவகர்லால் நேருவிடம் அளிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் அது அலகாபாத் அருங்காட்சியகத்தில் இருந்தது. அங்கு அதன் குறிப்புச்சீட்டில் ‘தங்கக் கைத்தடி’ என்றிருந்ததா, ‘தங்கக் கோல்’ என்றிருந்ததா என்னும் வாதம் அவ்வாண்டின் செய்தித்தாள்களில் எழுந்தது. வாதத்தின் அரசியற் பக்கம் இக்கட்டுரைக்கு உரியதன்று. மொழியியலாருக்கு அதில் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் ‘ஸ்டிக்’ என்னும் ஒரே சொல்லால் குறித்துவிடக்கூடிய பொருளுக்கு இந்திய மொழிகள் பல பெயர்களை வைத்துள்ளன. அவற்றுள் ஒன்றை எடுத்து மற்றொன்றை விடும்போது அப்பொருள் யாருடையது, எதற்காகச் செய்யப்பட்டது, எவ்வாறு செய்யப்பட்டது என்னும் செய்திகளும் உடன் மறைகின்றன. கையில் பிடித்து நடக்கும் கோலை முன்வைத்து இச்செய்திகளைத் தொகுத்துக் காண இக்கட்டுரை முற்படுகின்றது.

ஊன்றுதல்

தமிழில் இப்பொருளுக்குரிய தொன்மையான பெயர் வினையடியாகப் பிறந்தது. திருக்குறளின் கேள்வி அதிகாரம் ஒழுக்கமுடையார் வாய்ச்சொல்லுக்கு வழுக்கு நிலத்தில் உதவும் ஊற்றுக்கோலை உவமை ஆக்குகின்றது. ஊன்று என்பது ஊற்று என வலித்தது. இரும்பு, இருப்புப்பாதை என்பதிலும், கரும்பு, கருப்புவில் என்பதிலும், பிரம்பு, பிரப்பங்கூடை என்பதிலும் காணும் அதே மாற்றம் இது. பிற்காலத் தமிழில் இவ்விதி ஆட்சி குறைந்தது. ஊன்றுகோல் என்னும் வினைத்தொகையே நிலைபெற்றது.

கன்னடத்தில் இதனை ஊருகோலு என்பர். மலையாளத்தில் ஊந்நுவடி என்பர். தமிழ் மூன்று என்பதற்குக் கன்னடம் மூரு என்றும் மலையாளம் மூந்நு என்றும் வழங்குவதை இதனோடு ஒப்பிட்டால் ஒலியிணைவு விளங்கும். தமிழின் ‘ன்று’ கன்னடத்தில் ‘ரு’ எனவும் மலையாளத்தில் ‘ந்நு’ எனவும் நிற்கின்றது. எனவே இச்சொற்கள் ஒன்றிடமிருந்து மற்றொன்று பெற்ற கடன் அல்ல. ஒரே வேரின் கிளைகள். தெலுங்கிலும் ஊதகர்ர என்னும் வழக்கு உண்டு. ஊத என்பது தாங்குதல், தாங்கு எனப் பொருள்படும். நிலத்தில் ஊன்றுதல் என்னும் செயலைக் கொண்டே இப்பொருளைப் பெயரிடும் வழக்கம் இம்மொழிகளில் பழமையானது என்று துணியலாம்.

பொருளைப் பயன்படுத்துவோனே அதன் பெயரைப் பெறுவதும் உண்டு. புறநானூற்றின் 243-ஆம் பாடலைப் பாடிய புலவரின் இயற்பெயர் மறைந்துவிட்டது. தம் முதுமையைக் குறித்து அப்பாடலில் அவர் ஆண்ட தொடரே பெயராகி, தொடித்தலை விழுத்தண்டினார் என வழங்குகின்றார். தொடி என்பது வளையம். இங்கே அது கோலின் தலையிற் செறித்த பூணைக் குறிக்கும். உலக்கைக்கும் மண்வெட்டிப் பிடிக்கும் இடும் பூணையே நாம் இன்றும் அச்சொல்லால் வழங்குகின்றோம். மரம் பிளவாதபடி காக்கும் உலோக வளையம் அது. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஊன்றுகோல் ஒன்றின் வேலைப்பாடு பற்றி நமக்குக் கிடைத்துள்ள செய்தி இச்சிறு தொடருள் அடங்கியுள்ளது. காட்டில் ஒடித்த கழியன்று அது. தச்சனும் கருமானும் கைவைத்த பொருள்.

இதற்கு உரோமிலும் ஓர் இணை உண்டு. இலத்தீன் மொழியில் சிபியோ என்பது கோல். கார்னேலியர் குடியைச் சேர்ந்த ஒருவர் கண்ணிழந்த தந்தைக்குக் கோல்போல் நின்று வழிநடத்தினமையால் அப்பெயர் பெற்றார் என்றும், அதுவே சிபியோ எனப் புகழ்பெற்ற குடிப்பெயராயிற்று என்றும் மக்ரோபியசு எழுதுகின்றார். இந்தியில் ஒரே மகனைக் ‘குருடனின் கோல்’ என்று சொல்லும் மரபுத்தொடர் இன்றும் வழக்கிலுள்ளது. மூன்று நிலங்களிலும் கோல் ஆளாகின்றது, ஆள் கோலாகின்றான்.

முக்கோலும் பட்டையும்

துறவோரும் மாணவரும் ஏந்திய கோல்களைப் பற்றி நூல்கள் விரிவாகவே பேசுகின்றன. தொல்காப்பிய மரபியல் அந்தணர்க்குரியனவாகக் கூறும் பொருள்களுள் முக்கோலும் ஒன்று. கலித்தொகையின் பாலைப்பகுதியிலும் முக்கோல் ஏந்தியோர் வருகின்றனர். முல்லைப்பாட்டு பாசறையை வருணிக்கும் இடத்தில், காவியாடை தொங்கும் முக்கோலை உவமையாக்குகின்றது. ஊன்றிய விற்களில் அம்பறாத்தூணிகள் தொங்கும் காட்சிக்கு அது உவமை. மூன்று கோல்களை ஒன்றாகக் கட்டிய இதுவே வடமொழியில் திரிதண்டம். இராமானுசரின் திருவுருவங்களில் நாம் காண்பது இதுவே. அத்வைத மரபுத் துறவியர் ஒற்றைக் கோல் ஏந்துவர். ஒருவர் எக்கொள்கையர் என்பதை அவர் வாய்திறக்குமுன் கோலே அறிவித்துவிடும் நிலை இருந்தது.

மாணவப் பருவத்தார்க்குரிய கோலைப் பற்றி மனுநூலின் இரண்டாம் அத்தியாயம் வரையறை செய்கின்றது. பிராமணனுக்கு வில்வம் அல்லது பலாசு; சத்திரியனுக்கு ஆல் அல்லது கதிரம்; வைசியனுக்கு உகா அல்லது அத்தி. நீளமும் முறையே தலைமயிர் வரை, நெற்றி வரை, மூக்கு வரை எனக் குறைகின்றது. நான்காம் வருணத்தார்க்குக் கோல் இல்லை. ஏனெனில் அவர்க்கு அந்நூல் கல்வியையே வைக்கவில்லை. மரவகையும் நீளமும் ஆளின் படிநிலையை அளக்கும் கருவிகளாகிவிட்டன என்பதை இவ்விடத்தில் மறைத்துச் செல்வதற்கில்லை.

அக்கோல்கள் நேராக, வடுவின்றி, தீயாற் கெடாமல், பட்டையோடு இருத்தல் வேண்டும் என்பதும் அந்நூலின் விதி. இப்பட்டை பற்றிய விதியோடு குறுந்தொகை 156-ஆம் பாடலை ஒப்பிடல் சுவையானது. அங்கே ஒரு தலைவன் பார்ப்பனத் தோழனை விளிக்கின்றான். தோழன் கையிலுள்ள தண்டு முருக்க மரத்தது. முருக்கைப் பலாசு எனக் கொள்வர். அதன் நார் களையப்பட்டுள்ளது. மரம் ஒன்றே, செய்முறை எதிரானது. வடபுல நூல் பட்டையை வைக்கச் சொல்ல, தமிழ்ப் பாடல் அதனை நீக்கிய கோலைக் காட்டுகின்றது. சடங்கு வேறுபாடா, வட்டார வழக்கா என்று இவ்விரண்டு சான்றுகளைக் கொண்டு மட்டும் முடிவுகட்ட இயலாது. ஆனால் மரவேலை அறிந்தார் ஒன்று கூறுவர்: பட்டையை விட்டால் அதனடியில் வண்டு புகும். நெடுநாள் கையில் இருக்கவேண்டிய கோலுக்குப் பட்டை ஆகாது. விதி நூலில் இருந்தது. நார் களைந்த கை பட்டறையில் இருந்தது போலும்.

காழ்

இங்குத் தொல்காப்பிய மரபியல் கூறும் மற்றொரு செய்தி நினைக்கத்தக்கது. வயிரம் புறத்தே உடையவற்றைப் புல் என்றும், அகத்தே உடையவற்றை மரம் என்றும் அந்நூல் பகுக்கின்றது. வயிரத்திற்கு அது ஆளும் சொல் காழ். தெங்கும் பனையும் மூங்கிலும் பிரம்பும் இம்முறையில் புல்லாகும். தாவரவியலாரும் இவற்றை ஒருவித்திலைத் தாவரங்கள் என ஒருபுறம் வைத்து, ஆண்டுக்காண்டு வளையமிட்டுத் தடிக்கும் மரங்களினின்று பிரிப்பர். இப்பகுப்பு இலக்கணக்காரரின் ஏட்டறிவிலிருந்து மட்டும் தோன்றியதாக எனக்குப் படவில்லை. வெட்டியும் சீவியும் பழகியோரின் அறிவு இதனுள் உள்ளது.

கோல் செய்யும் முறை இதனை மெய்ப்பிக்கும். மூங்கிலிலும் பிரம்பிலும் வலிமை தோலில் உள்ளது. ஆகவே அவற்றைச் சீவலாகாது. கணுவின் புடைப்பை மட்டும் தேய்த்து, மேற்றோலைக் காக்கவேண்டும். மரத்திலோ புறத்தேயுள்ள வெள்ளை மரம் மென்மையானது, பூச்சிக்கு இரையாவது. அதனை முற்றும் நீக்கி, உள்ளிருக்கும் காழை மட்டும் எடுக்கவேண்டும். ஒன்றில் தோலைக் காப்பது தொழில். மற்றொன்றில் தோலைக் களைவது தொழில். ‘மரக் கைத்தடி’ என்று ஒரே தலைப்பின்கீழ் அருங்காட்சியகங்கள் இவ்விரண்டையும் அடுக்கும்போது, இரண்டு வேறான கைத்தொழில்கள் ஒன்றாகிவிடுகின்றன.

மூங்கிலுள் கோலுக்கு உகந்தது கல்மூங்கில். பெரும்பாலும் உள்துளை மிகச் சிறிதாகவோ, அடிப்பகுதியில் துளையே இன்றியோ வளர்வது. மூன்றாண்டு முதிர்ந்த கழியை ஈரம் குறைந்த பருவத்தில் வெட்டுவர். மாவுச்சத்து மிகுந்திருக்கும் பருவத்தில் வெட்டினால் துளைக்கும் வண்டு விரைவில் வந்துசேரும். தேய்பிறையில் வெட்டவேண்டும் என்ற நம்பிக்கையும் பல இடங்களில் உண்டு. வெட்டிய கழியை நீரில் ஊறவிட்டு, நிழலில் உலர்த்தி, அனலிற் காட்டி நிமிர்த்துவர். வட இந்தியாவில் கடுகெண்ணெய் பூசிப் பதப்படுத்துதல் பெருவழக்கு. வேர்க்கட்டையோடு அகழ்ந்தெடுத்தால் அக்கட்டையே குமிழாகும். தனியாகக் கைப்பிடி பொருத்தும் தேவை இல்லை.

பிரம்பு உள்ளே துளை அற்றது. முள் செறிந்த இலையுறைகளை உரித்தெடுத்தால் வழவழப்பான தண்டு வெளிப்படும். மேற்குத்தொடர்ச்சி மலையிற் கிடைக்கும் பருத்த பிரம்பும் அனலுக்கு இணங்கும். சூடேறிய நிலையில் தலையை வளைத்துக் கட்டி, ஆறியபின் அவிழ்த்தால் கொக்கிபோன்ற பிடி அமையும். நிமிர்த்தலும் வளைத்தலும் ஒரே நெருப்பில் நடைபெறும்.

நிமிர்த்துதல் என்னும் இச்செயலே தமிழின் அரசியற் சொற்களுக்கு அடிப்படை என்பது என் கருத்து. செங்கோல் என்பதிலுள்ள செம்மை நிறத்தைக் குறிப்பதன்று, நேர்மையைக் குறிப்பது. அதன் எதிர்மொழி கொடுங்கோல். அங்கே கொடுமை என்பது வளைவு. அம்புக்கும் கோல் என்று பெயர் இருந்தமை சங்க நூல்களால் தெரிகின்றது. தெலுங்கில் கோல என்பதற்கு நீளம், அம்பு என்னும் பொருள்கள் உண்டு. நேராக்கப்பட்ட எதுவும் கோல். எழுதுகோல், அளவுகோல், துலாக்கோல் ஆகியவற்றையும் எண்ணுக. சோழர் காலத்தில் நிலம் அளந்த கோல்களின் நீளத்தைக் கோயிற் சுவர்களில் வெட்டிவைத்தனர். கோல் மாறினால் வரி மாறும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். சிலப்பதிகாரத்தில் மாதவி பெறும் தலைக்கோல் பகைமன்னரின் வெண்கொற்றக் குடைக்காம்பைக் கொண்டு செய்தது. வென்ற அரசின் காம்பு ஆடல்மகளின் விருதாகின்றது. கழிக்கு இத்தகைய உயர்வு கிட்டுமாயின் அதன் பெயர் கோல் என்றே இருக்கும்; தடி என்று இராது.

வெட்டப்பட்டது

தடி என்னும் சொல் வேறு குடியினது. சங்க நூல்களில் தடிதல் என்பது வெட்டுதல். சூரனைத் தடிந்தவன் முருகன். பெயராக வரும்போது தடி என்பது பெரும்பாலும் வெட்டிய ஊன்துண்டைக் குறிக்கின்றது. கழியைக் குறிக்கும் தடியும் இவ்வினையோடு உறவுடையது எனக் கொண்டால், வெட்டியெடுக்கப்பட்டது தடி, செப்பம் செய்யப்பட்டது கோல் என்னும் வேறுபாடு புலனாகும். பருமையைக் குறிக்கும் தடித்தல் என்னும் சொல்லும் இதனோடு கலந்திருத்தல் கூடும். விவிலியத்தின் தமிழ் மொழிபெயர்ப்பில் 23-ஆம் சங்கீதம் இடையன் கைக்கருவிகள் இரண்டினைக் கோல், தடி என அடுத்தடுத்து வைத்துள்ளது. எபிரேய மூலத்தின் இரு வேறு சொற்களுக்கு இரு வேறு தமிழ்ச் சொற்களைத் தேர்ந்தவர்கள் இவ்வேறுபாட்டை உணர்ந்தே தேர்ந்திருக்கவேண்டும்.

தண்டு என்பது மூன்றாவது சொல். செடியின் தண்டு, ஊன்றும் தண்டு இரண்டும் தமிழில் ஒன்றே. வடமொழித் தண்டம் என்பதோடு இதற்குள்ள உறவு பற்றி அறிஞரிடையே கருத்தொற்றுமை இல்லை. திராவிடத்திலிருந்து சென்றது என்பாரும், முண்டா மொழிகளிலிருந்து வந்தது என்பாரும் உளர். எங்கிருந்து எங்குச் சென்றிருப்பினும், கோலைக் குறித்த சொல் தண்டனையைக் குறிக்கும் சொல்லாக விரிந்தது இந்தியா முழுமைக்கும் பொதுவான நிகழ்ச்சி. ஆட்சிமுறை நூலுக்கே தண்டநீதி என்று பெயர். ‘தடியெடுத்தவன் எல்லாம் தண்டல்காரன்’ என்று தமிழர் சொல்ல, ‘எவன் கையில் லாட்டியோ அவனுடையது எருமை’ என்று இந்தி பேசுவோர் சொல்கின்றனர். இரண்டு பழமொழிகளிலும் கழி ஏந்தியவனைக் கண்டு ஒதுங்கி நின்றவனின் குரல் கேட்கின்றது.

லாட்டி என்னும் சொல்லின் வரலாறு தெளிவானது. வடமொழி யட்டி பாலியில் யட்டி எனவும் லட்டி எனவும் இருவடிவாய் நின்றது. லகர வடிவம் வட இந்திய மொழிகளில் லாட்டி ஆயிற்று. காவலர் வழியாக அது தமிழுக்கு லத்தி என வந்துசேர்ந்தது. யானைச் சாணத்தைக் குறிக்கும் இலத்தி என்னும் சொல்லோடு அது பேச்சில் ஒன்றுபட்டு நிற்பதைப் பற்றி நம் மக்கள் நகையாடாமல் இரார்.

கை

ஐரோப்பிய வணிகம் கடலோரங்களில் வேரூன்றிய பின்னர்க் கோலின் நிலை மாறியது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய உயர்குடியினரிடையே வேலைப்பாடமைந்த பிரம்பை ஏந்துதல் நாகரிகமாயிற்று. அதற்கான கழியிற் பெரும்பகுதி கீழைக்கடல் தீவுகளிலிருந்து சென்றது. சுமத்திராப் பக்கத்திலிருந்து மலாக்காத் துறைமுகம் வழியாகச் சென்ற பிரம்பு ‘மலாக்கா’ என்றே பெயர் பெற்றது. கணு இடைப்படாத ஒரே நீளமாக ஒரு கைக்கோல் அளவு கிடைத்தமையே அதன் சிறப்பு. தாவரவியலார் அதற்குக் கலாமசு சிபியோனம் எனப் பெயரிட்டனர். முன்னே கண்ட சிபியோ இங்கும் வருகின்றது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் நம் பிரம்பு கலாமசு ரோடாங் எனப்படுகின்றது. ரோடாங் என்பது மலாய் மொழியின் ரோத்தான். மலேசியத் தமிழர் பிரம்பை ரோத்தான் என்றே பேச்சில் வழங்குவர். பினாங்கிலிருந்து சென்ற பனைவகைக் கழியை ஆங்கிலேயர் ‘பினாங்கு வக்கீல்’ என்றனர். வழக்குகளைத் தீர்த்துவைக்கும் தடி என்று நகைச்சுவையாக விளக்கம் சொன்னாலும், காட்டுப்பாக்கு எனப் பொருள்படும் மலாய்த் தொடரின் சிதைவே அது என்று கருதுவோர் உண்டு. 1902-இல் நூலாக வந்த செர்லக் ஓம்சு புதினம் ஒன்று இத்தகைய கழியொன்றை ஆராய்வதில்தான் தொடங்குகின்றது.

மொகலாய அவைகளில் கோலேந்தி முன்செல்வோர் சோப்தார் எனப்பட்டனர். சோப் என்பது பாரசீகத்தில் மரம், கழி. நவாபுகளும் பின்னர்க் கும்பினியாரும் இவ்வழக்கத்தை மேற்கொண்டனர். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிக்கு முன்னே கோலேந்திச் செல்லும் ஊழியரின் பதவிப்பெயராக இச்சொல் நிலைத்தது. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை பிரெஞ்சு ஆளுநரிடம் பெற்ற மரியாதைகளுள் பல்லக்கோடு பொற்குமிழ் வைத்த தடியும் ஒன்று எனக் கூறப்படுகின்றது. அரபியின் அசா தமிழ் முசுலிம்களின் வெள்ளிக்கிழமை உரைமேடையில் உள்ளது. அசாக்கோல் என்று கூறுவாரும் உண்டு. அரபியிற் கோல், தமிழிற் கோல் என இருமுறை கோல் என்று சொல்லுதல் அது. மொகலாய ஓவியங்களில் அமர்ந்த நிலையில் கைதாங்கும் குறுங்கோலைக் காணலாம். அதற்கு சபர் தகியா, வெற்றித் திண்டு, என்று பெயர். அதனுள் கத்தி மறைத்துவைத்தலும் உண்டு. கத்தி மறைந்த நடைகோலை இந்தியில் குப்தி என்பர். மறைந்தது என்பதே அதன் பொருள்.

இவ்வாறு ஊன்றுவதற்கு அன்றி ஏந்துவதற்கே உரியதாகிவிட்ட கோலுக்கு ஊன்றுகோல் என்னும் பெயர் பொருந்தாது. கைத்தடி என்னும் பெயர் இங்கே வலுப்பெறுகின்றது. தெலுங்கின் சேதிகர்ர என்பதும் இதே அமைப்பினது. சேதி கையைக் குறிக்கும். நிலத்தைத் தொடும் முனையை விட்டு, கையைத் தொடும் முனைக்குப் பெயர் இடம்பெயர்ந்தது. வேலைப்பாடும் அவ்வாறே இடம்பெயர்ந்தது. பழைய கோலில் பூண் இன்றியமையாதது. புதிய கைத்தடியில் பிடியே அனைத்தும். யானைத்தலை, குதிரைத்தலை, கிளிமூக்கு எனப் பிடிகள் பெருகின. உத்தரப் பிரதேசத்தின் பிஜ்னோர் மாவட்டத்திலுள்ள நகீனா 19-ஆம் நூற்றாண்டில் கருங்காலிச் செதுக்குவேலைக்குப் புகழ்பெற்ற ஊர். அங்குச் செய்த பொருள்களுள் கைத்தடிகளும் அடங்கும். மைசூரின் சந்தனமும் ஈட்டியும், காசுமீரத்தின் வாதுமை மரமும் இவ்வழியே கைத்தடிகளாயின. முன்பு தடி என்னும் சொல்லுக்கிருந்த முரட்டுத்தன்மை இங்கே இல்லை. அதிகாரம் உடையவர்க்கு அடங்கி ஏவல் செய்வோனை இன்றைய செய்தித்தமிழ் ‘கைத்தடி’ என்கின்றது. கோல் ஆளாகும் பழைய உருவகந்தான். ஆனால் தந்தையைத் தாங்கிய பெருமை அதில் இல்லை.

இரண்டு நடைகள்

1930-ஆம் ஆண்டு மார்ச்சு 12-ஆம் நாள் சபர்மதியிலிருந்து புறப்பட்ட காந்தியடிகள் 24 நாள்களில் ஏறத்தாழ 240 மைல் நடந்து ஏப்பிரல் 5-ஆம் நாள் தண்டியை அடைந்தார். அவர் ஏந்தியது மூங்கிற்கோல்; காகா காலேல்கர் அளித்தது என்பர். அவ்வாண்டே நந்தலால் போசு செதுக்கிய அச்சுப்படத்தில் கருமையின்மேல் வெண்கோடுகளாக ஒரு மனிதரும் ஒரு கோலும் உள்ளனர். அதே ஆண்டு மே 21-ஆம் நாள் தராசனாவில் உப்புக்கிடங்கை நோக்கி நடந்தவர்களைக் காவலர் அடித்ததும் கழியால்தான்.

இந்தியில் இவ்விரண்டுக்கும் ஒரே பெயர்: லாட்டி. காந்தியின் லாட்டி, காவலரின் லாட்டி. தமிழ் இங்கே வேறுபடுத்திக்கொண்டது. அடிகள் ஊன்றியது கோல் அல்லது கைத்தடி. காவலர் வீசியது தடி, அச்செயல் தடியடி. இவ்வேறுபாட்டைத் திட்டமிட்டு எவரும் செய்ததாகத் தோன்றவில்லை. செப்பம் செய்தது கோல், வெட்டியெடுத்தது தடி என்னும் பழைய பிரிவு மக்கள் வழக்கில் தானே இயங்கியிருக்கின்றது. பெரியார் ஈ.வெ.ரா. ஏந்தியதைக் கைத்தடி என்றே நாடு வழங்குகின்றது. அவர்தம் சிலைகள் பலவற்றில் அது உடன் இருக்கின்றது. கோலின் மரத்தையும் நீளத்தையும் பிறப்பால் வரையறுத்த மனுநூலை வாழ்நாள் முழுதும் எதிர்த்தவர் கையில், எம்மரம் என்று எவரும் கேட்காத ஒரு கைத்தடி.

தொகுத்தல்

இந்தியாவில் கைத்தடிகளைத் தொகுத்தோருள் ஐதராபாத்தின் மூன்றாம் சாலார் ஜங், மீர் யூசுப் அலிகான், குறிப்பிடத்தக்கவர். 1889-இல் பிறந்து 1949-இல் மறைந்த இவர் சிறிதுகாலம் நிசாமின் திவானாக இருந்தார். இவர் சேர்த்த பொருள்கள் 1951-ஆம் ஆண்டு திசம்பர் 16-ஆம் நாள் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டன. 1961-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. 1968-இல் மூசி ஆற்றங்கரையிலுள்ள இன்றைய கட்டடத்திற்கு மாறியது. அங்கே கைத்தடிகளுக்கெனத் தனித்தொகுப்பு உண்டு. மரம், தந்தம் முதலியவற்றால் ஆனவை வரிசையாக உள்ளன. தந்தப்பிடி அமைந்தவற்றை இன்று தனியார் வாங்கவோ விற்கவோ இந்தியச் சட்டம் இடந்தருவதில்லை. ஆதலால் அத்தகைய வேலைப்பாட்டை ஆராய விரும்புவோர்க்குப் பொதுத்தொகுப்புகளே புகலிடம்.

இத்தகைய தொகுப்புகளில் பொருள் காப்பாற்றப்படுகின்றது. சொல் காப்பாற்றப்படுகின்றதா என்பதே வினா. பொதுவாகக் காட்சிச் சீட்டுகள் பொருளின் பெயர், மூலப்பொருள், நாடு, நூற்றாண்டு என்ற அளவில் நின்றுவிடுகின்றன. செய்தவன் அப்பொருளின் உறுப்புகளை எவ்வாறு அழைத்தான் என்பதற்கு அங்கே இடமில்லை. பூண், குமிழ், கணு, கொக்கி, காழ் என்பன தமிழ்க் கைவினைஞரின் வழக்கில் உயிரோடிருக்கும் சொற்கள். நகீனாவின் செதுக்குவோரிடத்தும் சன்னபட்டணத்து அரக்குக் கடைசலாரிடத்தும் இவற்றுக்கு நேரான சொற்கள் இருக்கும். பொருளைப் பெறும் நாளிலேயே இச்சொற்களையும் பேசுவோர் ஒலிப்போடு பதிவு செய்தால் பெருஞ்செலவு ஆகாது. பிந்தினால் எவ்வளவு செலவிட்டாலும் கிடைக்காது. தொழிற்கலைச் சொற்களைத் தொகுக்கும் நம் திட்டங்கள் உழவு, நெசவு, மீன்பிடி ஆகியவற்றோடு நின்றுவிடுவதும் ஒரு குறையே. கைத்தடி செய்வோனுக்குத் தனிச்சாதியோ தனித்தெருவோ பல இடங்களில் இல்லாமையால் அவன் கணக்கெடுப்பில் விழுவதில்லை.

மரத்தின் பெயரிலேயே எவ்வளவு இடர் உண்டு என்பதற்குக் கருங்காலி ஒன்று போதும். மரக்கடையில் கருங்காலி என்றால் கருமையான எபனி மரம். இந்தியில் அது ஆப்னூசு. பாரசீகம், அரபு, கிரேக்கம் எனப் பின்னோக்கிச் சென்றால் பண்டைய எகிப்தியச் சொல்லில் முடியும். மருந்துக்கடையில் கருங்காலி என்றால் காசுக்கட்டி எடுக்கும் மரம், வடமொழியின் கதிரம். மனுநூல் சத்திரியனுக்கு விதித்தது இக்கதிரம். தமிழ் மொழிபெயர்ப்பில் அதனைக் கருங்காலி என எழுதினால், படிப்பவர் நகீனாவின் கருங்கோலை எண்ணிக்கொள்வார். முன்னதன் காழ் கருமை. பின்னதன் காழ் செங்கபிலம். சீட்டு எழுதுவோர் பெயரோடு காழின் நிறத்தையும் குறித்தால் இரண்டும் பிரிந்துவிடும். மெருகு பூசிய கோலில் காழின் நிறம் மேலே தெரியாது. பூணைக் கழற்றி, முனையின் வெட்டுமுகத்தைப் பார்த்தல் வேண்டும்.